290 வாட் பெட்டிக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு: பழைய ஆப்டிபிளெக்ஸுக்குப் பார்த்து வாங்கிய கதை

திண்டுக்கல்லில் என் தங்கை வீட்டுக்காரர் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று விசேஷ வீடியோக்கள் எடுத்து, எடிட் செய்து கொடுக்கிறார். அவரிடம் இருப்பது டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020, மினி டவர் மாடல். ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்து முடித்துவிட்டு செகண்ட் ஹேண்டாக வந்த பெட்டி. நான்காம் தலைமுறை ஐ5-4590 பிராசஸர், 8 ஜிபி டிடிஆர்3 ரேம், ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க். கேமராவில் மட்டும் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த மெஷின் அவருக்குத் தாராளமாகப் போதுமாக இருந்தது. போனை கிம்பலில் மாட்டி 4கே எடுக்க ஆரம்பித்த பிறகுதான் தொல்லை. டைம்லைனில் அந்த கிளிப்பை வைத்து பிளே செய்தால் படம் நின்று நின்று நகர்கிறது, சத்தம் மட்டும் முன்னால் ஓடுகிறது.

"மச்சான், ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டா சரியாயிடும்ல? இங்க கடையில ஜிடி 1030 இருக்காம், விலையும் கம்மிதான்" என்று போனில் கேட்டார்.

"இப்ப வாங்காதீங்க மாப்பிள்ளை. பெட்டியைத் திறந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

நல்ல வேளை, அவரும் பொறுத்துக்கொண்டார். ஜிடி 1030 அந்தப் பெட்டியில் அழகாகப் பொருந்தியிருக்கும், ஓடியும் இருக்கும். ஆனால் அவருடைய வேலையில் பாதிக்குத்தான் உதவியிருக்கும். பழைய மெஷினுக்கு கார்டு தேடுகிறவர்கள் பெரும்பாலும் 'இதில் மாட்ட முடியுமா' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். மாட்டிய பிறகு நம் வேலையில் எந்தப் பகுதியை அந்தக் கார்டு சுமக்கும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். நான் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினேன்.

முதலில் திணறுவது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். திணறுகிற கிளிப் ஒன்றை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தேன். ஹெச்இவிசி, அதாவது ஹெச்.265 என்ற வீடியோ சுருக்க முறை; நிற விவரத்தைக் குறைத்துச் சேமிக்கும் 4:2:0; நிற நுணுக்கம் கூடிய 10 பிட். சிக்கல் என்னவென்று இந்த மூன்று விவரத்திலேயே தெரிந்துவிட்டது. ஹெச்.265 தரநிலை வெளியானதே 2013-ல். அதே ஆண்டில் வந்த வடிவமைப்புதான் இந்த பிராசஸருடையது. அதற்குள் இருக்கும் ஹெச்டி 4600 கிராபிக்ஸில் ஹெச்.264-ஐ விரிக்கத் தனி வன்பொருள் உண்டு, 10 பிட் ஹெச்.265-க்கு இல்லை. ஆகவே ஒவ்வொரு பிரேமையும் நான்கு கோர்களும் சேர்ந்து கணக்குப் போட்டு விரிக்கின்றன. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பிளே செய்தால் நான்கு கட்டங்களும் உச்சியில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கேமராவின் ஹெச்.264 கிளிப்பை வைத்தால் பாதிகூட ஏறுவதில்லை.

ஆக, அவருக்குத் தேவை கேம் விளையாடும் வேகம் இல்லை. ஹெச்.265 10 பிட் வீடியோவை விரிக்கவும், முடிந்த வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது சுருக்கவும் தெரிந்த கார்டு வேண்டும். முதலாவது டீகோடர், இரண்டாவது என்கோடர். இரண்டும் கார்டுக்குள் தனித்தனி வன்பொருள் என்பதால், ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

4:2:0 என்பதையும் கவனிக்க வேண்டும். சில கேமராக்கள் நிற விவரம் கூடுதலாக உள்ள 4:2:2 10 பிட் ஹெச்.265-ல் பதிவு செய்யும். அப்படிப்பட்ட கிளிப்பை வன்பொருளில் விரிக்கும் திறன் என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. கேமரா அந்த ரகம் என்றால் நான் இங்கே சொல்லும் என்விடியா, ஏஎம்டி கார்டுகள் எதுவும் அதற்குப் பயன்படாது. ப்ராக்ஸி ஃபைல், அதாவது எடிட் செய்ய மட்டும் கிளிப்பின் இலகுவான நகல் உண்டாக்கி வேலை செய்வதுதான் எளிய வழி. கார்டு வாங்கக் காசு இல்லாதவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். செலவில்லாமல் வேலை நடக்கும். மாப்பிள்ளைக்கும் ப்ராக்ஸி போட்டுக் காட்டினேன். ஆனால் முகூர்த்த மாதங்களில் ஒரே வாரத்தில் பல விசேஷம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் முதலில் ப்ராக்ஸி ஓடி முடியட்டும் என்று காத்திருக்க அவருக்கு நேரமில்லை. நியாயம்தான்.

அடுத்து பெட்டி. மூடியைக் கழற்றியதும் நான் முதலில் பார்த்தது, பெட்டிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை: 290 வாட். அதிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் முக்கிய இணைப்பு, வழக்கமான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கிடையாது, 8 பின். இந்த வரிசை ஆப்டிபிளெக்ஸில் எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டை மட்டும் அனுப்புகிறது, மற்ற வோல்டேஜை மதர்போர்டு தானே தயாரித்துக்கொள்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர்கூட மதர்போர்டிலிருந்துதான் வருகிறது. கிராபிக்ஸ் கார்டுக்கான 6 பின் வயரோ 8 பின் வயரோ எங்கும் இல்லை. கடையில் ஒரு 500 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கி நேராக மாட்டவும் முடியாது. 24 பின்னை 8 பின்னாக மாற்றும் கேபிள் தனியாகத் தேட வேண்டும். தேடினால் கிடைக்கும். ஆனால் அந்தச் செலவையும் சேர்த்தால், இந்த மெஷினுக்கு இவ்வளவு போடலாமா என்ற கேள்வி வந்துவிடும்.

அதனால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அந்த முடிவே கார்டுகளின் பட்டியலை மிகச் சிறியதாக்கிவிட்டது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாக மட்டும் ஒரு கார்டு எடுக்கக்கூடிய மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டிய கார்டுக்குத் தனி வயர் தேவை. கணக்கு போட்டுப் பார்த்தேன். பிராசஸர் 84 வாட், கார்டு 75, மதர்போர்டு, ரேம், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 30, டிஸ்க்குகளுக்கு 15. எல்லாம் ஒரே நேரத்தில் முழு மூச்சில் ஓடினாலும் 200-ஐ ஒட்டித்தான் வரும். பழைய எஸ்எம்பிஎஸ் என்பதையும் மனதில் வைத்தால் இந்த இடைவெளி எனக்குத் திருப்திதான்.

சாட்டா பவரிலிருந்து 6 பின்னாக மாற்றித் தரும் சிறிய வயர் எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. அதை மட்டும் யாரும் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின்னுக்கு 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 6 பின் இணைப்பில் கார்டு 75 வாட் வரை கேட்கலாம். கனெக்டர் சூடாகி உருகும். இந்த ஆப்டிபிளெக்ஸில் சாட்டா பவர் மதர்போர்டு வழியாக வருவதால், போர்டும் சேர்ந்து போகும் அபாயம் உண்டு.

ஸ்லாட்டைப் பொறுத்தவரை கவலை இல்லை. 9020-ல் முழு 16 லேன் (தகவல் போகும் பாதை) கொண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ஸ்லாட் இருக்கிறது. பார்ப்பதற்கு அதே நீளத்தில் இன்னொரு ஸ்லாட்டும் உண்டு, ஆனால் அதில் 4 லேன்தான். கார்டு மாட்ட வேண்டியது பிராசஸருக்கு அருகில் இருப்பதில். இடத்தை அளக்க டேப் எடுத்துக்கொண்டேன். பின்பக்கத் தகட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் கூடு வரை அளந்தபோது, ஒற்றை ஃபேன் வைத்த, 17 சென்டிமீட்டருக்குள் அடங்கும் குட்டைக் கார்டு என்றால் கேபிள்களுக்கும் இடம் விட்டு நிம்மதியாக உட்காரும் என்று தெரிந்தது. இரண்டு ஸ்லாட் அகலத்துக்கும் இடம் உண்டு. இதுவே ஒல்லியான எஸ்எஃப்எஃப் பெட்டியாக இருந்தால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டுதான் போகும், தேர்வு இன்னும் சுருங்கிவிடும்.

இனி ஆட்களைப் பார்ப்போம். ஜிடி 710, ஜிடி 730 இரண்டையும் பேச்சிலேயே சேர்க்கவில்லை. இன்று அவற்றால் கிடைப்பது கூடுதல் மானிட்டர் இணைப்பு மட்டும்தான்.

ஜிடி 1030: 30 வாட்தான் எடுக்கும், குட்டி கார்டு, ஹெச்.265 10 பிட்டை விரிக்கும். டைம்லைன் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் அந்த சிப்பில் என்கோடர் கிடையாது. எக்ஸ்போர்ட் முழுக்க பழையபடி பிராசஸர் தலையில்தான் விழும். மெமரியும் 2 ஜிபிதான். 4கே டைம்லைனில் இரண்டு எஃபெக்ட் போட்டால் நிரம்பிவிடும். போதாக்குறைக்கு, அதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்ட வகை ஒன்றும் விற்கிறது. அசலில் விநாடிக்கு 48 ஜிபி என்றிருந்த மெமரி வேகம் அதில் 16.8 ஜிபி. பெட்டியின் முன்பக்கப் பெயரைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 எடுப்பது 53 வாட், தனி வயர் வேண்டாம், விளையாட்டுக்கு ஜிடி 1030-ஐவிட எவ்வளவோ மேல். இதையும் பலர் பழைய அலுவலக மெஷினுக்குச் சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் இதிலும் என்கோடர் இல்லை. தவிர, இது 4 லேனை மட்டுமே பயன்படுத்தும் கார்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் அது போதும். 3.0 போர்டில் அந்தப் பாதை விநாடிக்கு ஏறக்குறைய 4 ஜிபியாகப் பாதியாகிறது, இரண்டாம் தலைமுறை இன்டெல் மெஷின்களின் 2.0 ஸ்லாட்டில் மறுபடியும் பாதி. பழைய மெஷினுக்கென்று வாங்கும் கார்டு பழைய மெஷினிலேயே அதிகம் இழக்கிறது என்பது எனக்கு உறுத்தியது.

இன்டெல் ஆர்க் ஏ380-ஐ விட மனமே இல்லை. 75 வாட்டுக்குள், ஹெச்.265-க்குப் பின் வந்த ஏவி1 என்ற சுருக்க முறை வரைக்கும் என்கோடு செய்யும் கார்டு அது. வீடியோ வேலைக்கென்றே செய்தது போன்ற வசதிகள். ஆனால் கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே சமயத்தில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி உள்ள மெஷினில்தான் இன்டெல் அதைப் பரிந்துரைக்கிறது. நான்காம் தலைமுறை போர்டுகளில் அது கிடையாது. அடுத்தவர் பிழைப்பு நடத்தும் மெஷினில் பரிசோதனை செய்ய எனக்கு விருப்பமில்லை. என்னுடையதாக இருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன்.

மிச்சம் இருந்தது என்விடியாவின் மூன்று கார்டுகள். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 2016-ல் வந்தது, 4 ஜிபி, 75 வாட், டீகோடர் என்கோடர் இரண்டும் உண்டு. செகண்ட் ஹேண்டில் மலிவு. ஜிடிஎக்ஸ் 1650 வந்தது 2019 ஏப்ரலில், இதுவும் 4 ஜிபி, 75 வாட். ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வகை 2024-ல் வந்தது, 70 வாட், தனி வயர் இல்லாமல் ஓடும் மாடல்கள் கிடைக்கின்றன. புதிதாக, வாரண்டியோடு, கொஞ்சம் அதிகம் செலவழிக்க முடிகிறவர்களுக்கு நான் தயங்காமல் காட்டுவது அந்த 3050 6 ஜிபியைத்தான். நாளை மெஷினையே மாற்றினாலும் கார்டைக் கழற்றி எடுத்துப் போகலாம். ஒன்றை மட்டும் பார்த்து வாங்க வேண்டும்: அதே 3050 பெயரில் இருக்கும் 8 ஜிபி கார்டு வேறு, அதற்குத் தனி பவர் இணைப்பு வேண்டும்.

மாப்பிள்ளையின் பட்ஜெட் அவ்வளவு தூரம் வரவில்லை. 1050 டிஐ, 1650 இரண்டில் எக்ஸ்போர்ட் தரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. 1650-ன் முதல் வகையில் இருக்கும் என்கோடர், அதே வரிசையின் பெரிய கார்டுகளில் இருக்கும் புதிய என்கோடர் இல்லை, முந்தைய தலைமுறையுடையது. என்னை 1650 பக்கம் தள்ளியது டிரைவர் விஷயம். 1050 டிஐ சேர்ந்திருக்கும் பாஸ்கல் தலைமுறைக்கு வழக்கமான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். 1650 அடுத்த தலைமுறை, டூரிங். அதற்கு டிரைவர் தொடர்கிறது. எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்புகள் புதிய டிரைவர் கேட்கும் வழக்கம் உள்ளவை என்பதால், இன்று வாங்கும் கார்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

சரி, 1650 என்று முடிவாயிற்று. பெயர் முடிவானால் போதாது. 1650-லேயே வேகம் கூட்டி விற்கும் மாடல்கள் பலவற்றில் 6 பின் இணைப்பு இருக்கிறது. 1650 சூப்பர் என்பது 100 வாட் கார்டு, அதற்கும் 6 பின் வேண்டும். செகண்ட் ஹேண்ட் விளம்பரங்களில் கார்டின் மேல்விளிம்புப் படத்தை யாரும் போடுவதில்லை. நான் ஒவ்வொருவரிடமும் அந்த ஒரு படத்தைத்தான் கேட்டேன். மேல்விளிம்பின் கடைசியில், பவர் சாக்கெட் இருக்க வேண்டிய இடம் வெறும் பச்சையாகவோ கறுப்பாகவோ காலியாக இருந்தால் நமக்கு ஆகும்.

தேடும்போது மிக மலிவாக '1050 டிஐ 4 ஜிபி' ஒன்றும் கண்ணில் பட்டது. படத்தில் ஹெச்டிஎம்ஐ, டிவிஐ பக்கத்தில் நீல நிற விஜிஏ போர்ட். மாப்பிள்ளையின் மானிட்டர் விஜிஏ மட்டும் உள்ளது என்பதால் அவருக்கு அது பிடித்துவிட்டது. அசல் 1050 டிஐ சிப்பில் விஜிஏ சிக்னலே கிடையாது. அந்தத் தலைமுறையோடு என்விடியா அனலாக் வெளியீட்டை எடுத்துவிட்டது. ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய கார்டுகளின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, புதிய பெயரில் விற்கும் மோசடி பல வருடமாக நடக்கிறது. விண்டோஸும் ஏமாந்து புதிய பெயரையே காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளின் 2018-க்குப் பிந்தைய பதிப்புகள் இத்தகைய கார்டைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் போலி என்று போட்டுவிடும். நேரில் வாங்குகிறவர்கள் அதை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள்.

கடைசியில் சென்னையில், கணினி மாற்றும் ஒருவரிடமிருந்து ஒற்றை ஃபேன் 1650 கிடைத்தது. புதிய 3050 விலையில் பாதிகூட ஆகவில்லை. அவர் வீட்டு மெஷினிலேயே மாட்டி, கார்டை முழு மூச்சில் ஓடவைத்துச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். திரையில் புள்ளிகள், கோடுகள் எதுவும் வரவில்லை. ஃபேன் சத்தம் சீராக இருந்தது. வெப்பம் 70 டிகிரி தாண்டியதும் ஓரிடத்தில் நிலைத்து நின்றது. அணைத்துக் கழற்றி, தங்க நிறப் பற்களில் கருகல் தடம் இருக்கிறதா, ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்தேன். ஃபேன் இறக்கையை விரலால் மெல்ல ஆட்டினால் லொடலொடப்பு இல்லை. வாங்கிக்கொண்டேன்.

மானிட்டருக்கு ஒரு தீர்வு வேண்டுமே. இந்த 1650-ல் ஹெச்டிஎம்ஐயும் டிவிஐயும் இருந்தன. டிவிஐ சாக்கெட்டில் நீளமான தட்டைத் துளையைச் சுற்றி நான்கு சின்னத் துளைகள் இருந்தால்தான் மலிவான விஜிஏ மாற்றி உள்ளே போகும். இதில் அந்த நான்கும் இல்லை, முழு டிஜிட்டல். எனவே ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவாக மாற்றும், உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் ஒன்று வாங்கினோம். 1080பி தரத்துக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

மாட்டுவதற்கு முன் பழைய மெஷினில் செய்ய வேண்டியதைச் செய்தேன். மதர்போர்டு பயாஸைக் கடைசிப் பதிப்புக்கு ஏற்றினேன், யுபிஎஸ் இணைப்போடு. பிறகு வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, புளோயரால் தூசியை ஊதினேன். பிராசஸர் ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் கம்பளி விரித்ததுபோல் தூசி. தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்து பொருக்காயிருந்தது, துடைத்துப் புதிது வைத்தேன். டெல் பெட்டியில் பின்பக்கத் தகடுகளை ஸ்க்ரூவுக்குப் பதிலாக ஒரு தாழ்ப்பாள் பிடித்திருக்கிறது. அதைத் தூக்கி இரண்டு தகட்டை எடுத்துவிட்டு, கார்டை நேராக அழுத்தினால் ஸ்லாட்டின் வால் பக்கக் கொக்கி 'டிக்' என்று பிடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் தாழ்ப்பாளை மூடினேன்.

முதல் முறை ஆன் செய்ததும் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய், வீடியோ பகுதியில் மல்டி டிஸ்ப்ளேயை இயக்கிவைத்தேன். இது இல்லாவிட்டால் கார்டு மாட்டியதும் ஹெச்டி 4600 ஓய்வுக்குப் போய்விடும். இரண்டும் விழித்திருந்தால் மென்பொருளுக்கு, பிராசஸருக்குள் இருக்கும் குவிக் சிங்க் என்ற இன்டெலின் வீடியோ வன்பொருளும் கூடவே கிடைக்கும். டிரைவர் போட்ட பிறகு ஜிபியு-இசட் திறந்தால் பஸ் இன்டர்ஃபேஸ் பக்கத்தில் 16 லேன், ஆனால் வேகம் 1.1 என்று காட்டியது. பயப்பட வேண்டாம், சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க கார்டு அப்படித் தணிந்துகொள்ளும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டதும் 3.0 என்று ஏறியது.

எடிட்டிங் மென்பொருளின் அமைப்பில் வன்பொருள் டீகோடிங்கையும் என்கோடிங்கையும் நாமே டிக் செய்ய வேண்டியிருந்தது. அதைச் செய்து, முன்பு திணறிய அதே கிளிப்பை வைத்துப் பிளே செய்தேன். டாஸ்க் மேனேஜரில் கார்டின் 'வீடியோ டீகோட்' வரைபடம் எழுந்து நின்றது, பிராசஸர் கட்டங்கள் பாதிக்குக் கீழே இறங்கின. மாப்பிள்ளை மவுஸை எடுத்து டைம்லைனில் முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார், தாலி கட்டும் காட்சி கை போன போக்கில் கூடவே ஓடிவந்தது. எக்ஸ்போர்ட் நேரம் பழையதில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிட்டது. கலர் கரெக்‌ஷன் அதிகம் போட்ட டைம்லைனில் அவ்வளவு லாபம் இல்லை. அங்கே நான்கு கோர் பிராசஸர்தான் பிடித்து வைக்கிறது, எந்தக் கார்டு போட்டாலும் அது மாறாது.

இன்னும் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. எடிட் செய்யும்போது 8 ஜிபி ரேம் நிரம்பி வழிகிறது, இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 போட வேண்டும். செகண்ட் ஹேண்டில் அது பெரிய செலவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது, இந்த பிராசஸர் விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. இப்போதைக்கு 2026 அக்டோபர் வரை வரும் நீட்டிப்புப் பாதுகாப்பில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதற்குள் இந்த முகூர்த்த சீசன் வருமானத்தில் புதிய மெஷின் போடுவதாக மாப்பிள்ளை சொல்கிறார். 1650-ஐ அதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.